மணப்பெண் காலில் ஒரு வரி

பிப்ரவரி 12, திங்கள்

காலையில் ஒரு வரி வந்தது. போய்விட்டது.

மஹம்ரி பொரிக்க மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தேங்காய்ப்பால் கொஞ்சம் கூடிப்போய், மாவு விரலை விடமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் வந்தது. முழுசாக, ராகத்தோடு, கதவைத் தட்டாமல் உள்ளே வரும் சொந்தக்காரி மாதிரி. கை கழுவிவிட்டு எழுதலாம் என்று எழுந்தேன். குடத்தில் தண்ணீர் இல்லை. தொட்டிக்குப் போய் மொண்டுகொண்டு வந்தேன். வந்து பார்த்தால் ராகம் மட்டும் நிற்கிறது. வார்த்தை ஒன்றுகூட இல்லை.

மஹம்ரி கருகியது. பேத்தி ரய்யா பேங்குக்கு வெறும் டீயோடு போனாள். போகும்போது, "பிபி, உங்க மண்டைக்கு ஒரு மூடி செய்யச் சொல்லணும்" என்றாள்.

சிரித்தேன். சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 14, புதன்

நோன்பு மாதம் தொடங்குமுன் நடக்கும் கடைசிப் பாட்டுப் போட்டி மார்ச் 9. எங்கள் பெண்கள் ஒரு பக்கம், கீழ்த்தெருக்காரிகள் எதிர்ப்பக்கம். யார் பாட்டு குத்துகிறது, யாருக்கு ஊர் சிரிக்கிறது என்பதுதான் கணக்கு. இத்தனை வருஷமாக எங்கள் பக்கத்துப் பாட்டு என் பாட்டு. இந்த லாமுத் தீவில் எந்தக் கல்யாண வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், என் வரி இல்லாமல் சோறு இறங்கியிருக்காது.

இன்று குழுத் தலைவி ஸோமோயே வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நுனியில் உட்கார்ந்தால் நல்ல சேதி இல்லை.

"பிபி, உங்களுக்கு வயசாச்சுன்னு யாரும் சொல்லல."

"அப்புறம் நீ ஏன் சொல்ற?"

"போன கல்யாணத்துல நடுவுல ஒரு அடி மறந்து நின்னீங்களே, அதத்தான்... இந்தத் தடவ பாட்டு முழுசா ஏழாந்தேதிக்குள்ள கைல வந்துடணும். பழகணும்ல. வரலைன்னா நஜ்மா எழுதட்டும். அவ போன்லயே எழுதிடறா."

நஜ்மா! காலேஜ் படித்தவள். நல்ல பெண்தான், சலாம் சொல்லித்தான் பேசுவாள். ஆனால் அவள் பாட்டு கழுவிய அரிசி மாதிரி சுத்தமாக இருக்கிறது, உப்பு இல்லை.

"ஏழாந்தேதி வரும். பாட்டும் வரும்" என்றேன். காபி கொடுக்கவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

பாட்டு இல்லாமல் இல்லை. பாட்டு வருகிறது. நான் பிடிப்பதற்குள் போகிறது. இந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் ஒன்றும் வருவதில்லை. கை காலியாக இருக்கும்போது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கை மாவிலோ மருதாணியிலோ மீன் செதிலிலோ இருக்கும்போதுதான் வரும். ஏன் அப்படி? என்னிடம் என்ன கோபம் அதற்கு?

என் அக்கா கடைசிக் காலத்தில் தன் மகளையே யார் வீட்டுப் பெண் என்று கேட்டாள். அதை நினைக்கக் கூடாது. நினைக்கிறேன்.

பிப்ரவரி 17, சனி

இடுப்பில் கட்டிய லெசோத் துணியின் நுனியில் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். வரி வந்ததும் ஒரு முடிச்சு. சாயங்காலம் பார்த்தால் மூன்று முடிச்சு. எது எதற்கு என்று முடிச்சுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

ரய்யா தன் பழைய போனைக் கொடுத்தாள். "இத அமுக்கிட்டு பேசுங்க பிபி, அவ்வளவுதான்."

அமுக்கினேன். பேசினேன். பிறகு கேட்டேன். தேங்காய் துருவும் சத்தம், தெருவில் கழுதை கத்துவது, நடுவில் ஒரு கிழவி மூக்கடைத்துக்கொண்டு புலம்புகிறாள். யாரடா இது என்று பார்த்தால் நான். அந்தக் குரலில் வந்த வரியை எனக்கே நம்ப மனம் வரவில்லை. அழித்துவிட்டேன். இனி அது வேண்டாம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பக்கத்து வீட்டு ஜோஹாரியிடம் சொல்லி வைத்தேன். "இந்த வரிய மனசுல வெச்சுக்கடி, நான் அப்புறமா கேக்கறேன்" என்று. மதியம் கேட்டேன். வேறு என்னவோ சொல்கிறாள்!

"நான் இப்படியா சொன்னேன்?"

"நீங்க சொன்னது கொஞ்சம் இழுத்துச்சு பிபி. நான் தட்டிச் சரி பண்ணிட்டேன்."

தட்டிச் சரி பண்ணினாளாம். மீன் கடைக்குப் போனால் மீன்காரன் அதைப் பாடிக்கொண்டிருக்கிறான். ஜோஹாரியின் பாட்டு என்று சொல்கிறான்.

பிப்ரவரி 22, வியாழன்

அடுப்படிச் சுவரில் கரியால் எழுதினேன். நல்ல யோசனை. கை அழுக்கானாலும் பரவாயில்லை, கரிதானே. இரண்டு நாளாகச் சேர்த்தேன். ஒரு பாட்டின் முதல் பாதியே இருந்தது. இன்று கல்யாண வீட்டில் பெண் பார்க்க — மருதாணிக்கு அளவு பார்க்கத்தான் — போய்விட்டு வருகிறேன், வீடெல்லாம் சுண்ணாம்பு வாசனை. நோன்புக்கு முன்னால் வெள்ளையடிக்க ரய்யா ஆள் சொல்லியிருந்தாளாம். "சுவரு ரொம்ப அசிங்கமா இருந்துச்சு பிபி, யாரோ கிறுக்கியிருந்தாங்க."

யாரோ.

அழுதேன். வெங்காயம் நறுக்கினேன் என்று சொன்னேன்.

பிப்ரவரி 24, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

எத்தனை வருஷமாக மற்றவர் கைகளில் கொடியும் பூவும் வரைகிறேன். என் கை சும்மாதானே இருக்கிறது? இன்று ஒரு பெண்ணுக்கு உள்ளங்கையில் வரைந்துகொண்டிருந்தபோது ஒரு வரி வந்தது. தென்னை ஈர்க்குச்சி கையில், மருதாணி குச்சியில். எழ வேண்டாம், கழுவ வேண்டாம். அப்படியே என் இடது முன்கையில் பொடி எழுத்தில் எழுதினேன். அந்தப் பெண்ணின் கையில் வேலை தொடர்ந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், காய்ந்து உதிர்ந்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் என் வரி! துணி துவைத்தேன், பாத்திரம் தேய்த்தேன், தொழுகைக்குக் கை கழுவினேன். போகவில்லை. இன்னும் கறுத்துத்தான் வருகிறது.

ரய்யா பார்த்துவிட்டு, "பிபி, நீங்களே ஒரு நோட்டு ஆயிட்டீங்களே" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் கையெழுத்தில் நான்தான் முதல். பொடியாகத்தான் எழுதுவேன், காகிதம் மிச்சம் பிடிக்க.

பிப்ரவரி 27, செவ்வாய்

முன்கை நிரம்பிவிட்டது. பாட்டின் உடம்பு இருக்கிறது, தலை இல்லை. எல்லாரும் சேர்ந்து திருப்பித் திருப்பிப் பாடும் அந்த ஓர் அடி இல்லை. அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பேச்சு. நாளை கல்யாண மருதாணி. மணப்பெண் லுலு. மாப்பிள்ளை கீழ்த்தெரு, ஸப்ராவின் ஒரே மகன்.

பிப்ரவரி 28, புதன்

மனசு ஆறவில்லை. என்ன காரியம் செய்துவிட்டேன்!

லுலு வீட்டு மாடியில், ஜன்னலோரம். அவளைப் படுக்க வைத்துக் கெண்டைக்காலில் கொடி இழுத்துக்கொண்டிருந்தேன். பெண் அலுப்பில் தூங்கிவிட்டாள். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். என்னத்தையோ பார்த்தேன். வந்துவிட்டது. தலை வந்துவிட்டது. அந்த ஓர் அடி! என் கையில் இடம் இல்லை. வலது கையில் எழுத வேண்டுமானால் இடது கையால் எழுத வேண்டும். கொடி ஓடிக்கொண்டிருந்தது. கொடியின் ஓரத்தில், இலை மாதிரி வளைத்து வளைத்து, அவள் காலிலேயே எழுதிவிட்டேன். வேலை முடிந்ததும் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று.

அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பிலாவ். ஆட்டுக்கறி பூப்போல வெந்திருந்தது. பேச்சு, சிரிப்பு. திரும்பி மேலே போனால் பெண்ணின் கால் இரண்டையும் துணி சுற்றிக் கட்டியாகிவிட்டது. லுலுவின் அம்மா முனா கதவை மறித்து நிற்கிறாள்.

"ஒரு நிமிஷம் அவுத்துப் பாக்கணும் முனா."

"எதுக்கு பிபி? கலைஞ்சிடும். நல்லாத்தான் வரும், உங்க கைதானே."

என் கைதான். அதுதான் பயம்.

வீட்டுக்கு வந்தேன். வரி ஞாபகம் இல்லை. எழுதியாயிற்று என்று தெரிந்ததும் மண்டை கைகழுவிவிட்டது. வாசல் என்று ஒரு சொல் இருந்ததா? யாரையோ கேட்பது மாதிரி இருந்ததா? புகழ்ச்சியா, கேலியா? கேலியாக இருந்தால் — புதுப்பெண் காலில் — யாரைப் பற்றி?

பிப்ரவரி 29, வியாழன்

முனா வீட்டுக்குப் போனேன். பெண்ணைப் பார்க்க முடியாது என்றார்கள். நாளை நிக்காஹ். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை அலங்காரம் பண்ணி உட்கார வைப்பார்களே, அப்போது எல்லாரும் பார்க்கலாம், அதுவரை யாரும் இல்லை.

"காலுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டேன்.

"ஏன், என்ன இருக்கணும்?" என்றாள் முனா.

மார்ச் 1, வெள்ளி

நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தாயிற்று. இங்கே வழக்கம் அதுதான், மகளைப் பெற்றவளுக்கு வீடு நிறையும், மகனைப் பெற்றவளுக்குக் காலியாகும்.

பாட்டு வரவில்லை. வாசல் வாசல் என்று நாள் முழுக்க முணுமுணுத்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

லுலு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடி, தங்கமும் மல்லிகையுமாக. கால் இரண்டும் மெத்தை மேல், எல்லாரும் பார்க்க வசதியாக. அறை நிறையப் பெண்கள். நான் வயசானவள், வழி விடுவார்கள் என்று நினைத்தேன். யார் விட்டார்கள்? ஒரு குண்டு அத்தையின் முதுகுக்குப் பின்னாலேயே பாதி நேரம் போயிற்று. கண்ணாடி வேறு வீட்டில்.

எனக்கு முன்னால் ஸப்ரா போய்ச் சேர்ந்தாள். மாமியார் இல்லையா, முதல் இடம். மருமகளின் காலைப் பெருமையாகத் தடவினாள். "பாருங்க, கொடி எவ்வளவு அழகு" என்று எல்லாரிடமும் காட்டினாள். குனிந்தாள். இன்னும் குனிந்தாள்.

பிறகு நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். லுலுவின் காலை லெசோவால் மூடிவிட்டு வெளியே போனாள்.

என்னால் அந்தக் காலைப் பார்க்க முடியவில்லை. மூடியதை யார் திறப்பது?

மார்ச் 4, திங்கள்

எழுதித்தான் ஆகவேண்டும்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் சந்துக்குள் குரல் கேட்டது. "பர்க்கே! வெளிய வாடி!"

கறுப்புப் புய்புய் அங்கி பறக்க ஸப்ரா வாசலில் நிற்கிறாள். மேலே ஜோஹாரியின் ஜன்னல் திறக்கும் சத்தம். கழுதை மேல் மணல் ஏற்றிப் போனவன்கூட நிறுத்திவிட்டான்.

"எம் மருமக கால்ல என்னடி எழுதி வெச்சிருக்க?"

"என்ன எழுதி வெச்சிருக்கேன்?" உண்மையாகத்தான் கேட்டேன்.

"நடிக்கிறியா? ஊரே கேக்கட்டும், சொல்றேன்!" என்று சந்து முழுக்க எதிரொலிக்கச் சொன்னாள்:

*வாசலில் குனிந்து நின்றவளே —*
*விருந்துண்ண வந்தாயா, செருப்பெண்ண வந்தாயா?*

அல்லாவே. அதுதான்! ஒரு சொல் குறையாமல் அதுதான்!

"இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.

"என்னாது?"

"மெதுவா சொல்லு ஸப்ரா. நில்லு, நில்லு, வரேன் —" உள்ளே ஓடி ஒரு கரித்துண்டை எடுத்துவந்து, என் மாமனார் காலத்துச் செதுக்குக் கதவிலேயே எழுதினேன். "விருந்துண்ண வந்தாயா... அப்புறம்?"

"இவளுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு!" என்று ஸப்ரா தெருவைப் பார்த்துச் சொன்னாள். "நான் மானம் போச்சுன்னு வந்து நிக்கறேன், இவ எழுதிக்கிறா!"

மேலேயிருந்து ஜோஹாரி, "செருப்பெண்ண வந்தாயா, பிபி" என்று எடுத்துக் கொடுத்தாள். மணல்காரன் சிரித்துவிட்டான்.

எழுதி முடித்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஜன்னல் வழியாக நான் பார்த்தது ஸப்ராவைத்தான். லுலு வீட்டு வாசலில் விருந்தாளிகளின் செருப்புக் குவியலுக்கு மேல் குனிந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எண்ணுகிறாள் என நினைத்து மாடியில் நான் சிரித்தேன்.

திரும்பினேன். ஸப்ரா கத்துவதை நிறுத்தியிருந்தாள்.

"எண்ணலடி" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "எண்ண வரல. எம் மவன் அன்னிக்கு அங்க போயிருந்தான். அவன் செருப்பு அந்தக் குவியல்ல எங்க கெடக்குன்னு பாத்தேன். சின்ன புள்ளைல இருந்து எங்க வாசல்ல கெடந்த செருப்பு. தெனம் நாந்தான் நேரா எடுத்து வெப்பேன். இனிமே அது அங்கதானே கெடக்கும்... அதத்தான் பாத்தேன்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். மணல்காரன் கழுதையை ஓட்டினான். ஜோஹாரி ஜன்னலைச் சாத்தினாள், சத்தம் இல்லாமல்.

மாடியிலிருந்து பார்த்தால் ஒருவரின் முதுகுதான் தெரியும். முகம் தெரியாது.

மார்ச் 5, செவ்வாய்

பாட்டின் தலை கிடைத்துவிட்டது. நல்ல கேலி. கீழ்த்தெருக்காரிகள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். ஸோமோயே கேட்டால் துள்ளுவாள். என் இடம் என்னிடமே இருக்கும். இன்றைக்கே கொடுத்திருக்கலாம்.

கொடுக்கவில்லை. ஏன்?

அவள் சொன்னது காதிலேயே நிற்கிறது. எதிலும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே நிற்கிறது. என் வரியைவிட அது பெரியது. இத்தனை வருஷத்தில் அடுத்தவள் வாயிலிருந்து ஒரு சொல்லை எடுத்ததில்லை நான். எடுப்பேனா? கேலியை மட்டும் பாடினால் அவள் எப்படி வெளியே தலைகாட்டுவாள்? அதற்கு நான் என்ன செய்ய? கேலிப் பாட்டு என்றால் யாராவது நோகத்தானே வேண்டும்?

உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

மார்ச் 6, புதன்

ஸப்ரா வீட்டுக்குப் போனேன். வாசல் கூட்டிச் சுத்தமாக இருந்தது. ரொம்பச் சுத்தமாக. ஒரு ஜோடி செருப்பு, அவளுடையது.

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"இல்ல. ஒரு வரி கேக்க வந்தேன்."

"உன் திமிரு இருக்கே பர்க்கே, அத அளக்க ஆழக் கடல்தான் வேணும்."

ஆனாலும் உள்ளே விட்டாள். பாடிக் காட்டினேன். முதலில் என் கேலி. பிறகு அவள் சொன்னதை நான் கோர்த்த பதில்:

*செருப்பெண்ண வரவில்லை, என் வீட்டு வாசலில்*
*ஒரு ஜோடி குறைந்தது, தேடிக்கொண்டு வந்தேன்.*

காபிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"எம் பேரு வரக்கூடாது."

"வராது."

"நான் அழுதேன்னு வரக்கூடாது."

"நீ எங்க அழுத? மூக்கு ஒழுகிச்சு, அவ்வளவுதானே."

அவள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சத்தம் கேட்டே நாளாகியிருக்கும்.

"சரி. ஆனா ஒண்ணு," என்றாள். "அன்னிக்குப் பாட்டு அந்த லுலு வீட்டுப் பின்முற்றத்துலதானே? மெல்ல முணுமுணுக்காதீங்கடி. எம் மவன் காதுல விழணும்."

கிளம்பும்போதுதான் சொன்னேன், வாசல்படியில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல். "மாடியில நின்னு சிரிச்சது தப்பு ஸப்ரா."

"என்ன? கேக்கல" என்றாள். கேட்டது அவளுக்கு.

மார்ச் 7, வியாழன்

ஸோமோயேவிடம் பாட்டைக் கொடுத்தேன். படித்தாள். "முதல் பாதி பிரமாதம் பிபி. ரெண்டாவது பாதில சிரிப்பு வரலியே. நாமளே அவங்க பக்கம் பதில் சொல்லிட்டா அவங்க என்ன சொல்லுவாங்க?"

"ஒண்ணும் சொல்லமாட்டாங்க. பாடு."

நஜ்மா ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. போனையும் திறக்கவில்லை.

மார்ச் 9, சனி

பாடினோம். கேலி வந்தபோது எங்கள் பக்கம் குலவையிட்டது, கீழ்த்தெரு முகம் சிவந்தது. பதில் வந்தபோது குலவை நின்றது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எதிர்ப்பக்கத்தில் மகனைக் கட்டிக்கொடுத்த நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எங்கள் பக்கத்திலும்தான். ஸோமோயேவுக்கே குரல் உடைந்தது; அவளுக்கு மூன்று மகன்கள்.

பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து ஸப்ரா எழுந்து, ஆடி ஆடி, முற்றத்தைக் கடந்து வந்தாள். தன் மார்பில் செருகியிருந்த மல்லிகைக் கொத்தை எடுத்து என் மார்பில் செருகினாள். "சத்தம் பத்தல. இன்னொரு தடவ பாடுங்க" என்றாள்.

இரண்டு பக்கமும் சேர்ந்து பாடின.

யார் ஜெயித்தார்கள்? சிரித்தவர்களை எண்ணினால் கீழ்த்தெரு. அவர்கள் பாட்டுக்குத்தான் ஊர் வயிறு குலுங்கியது. என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது அதில், மருதாணிக் கிழவி என்று. மோசமில்லை.

மார்ச் 10, ஞாயிறு

ஜோஹாரி சேதி கொண்டுவந்தாள், இந்த முறை தட்டிச் சரி பண்ணாமல். விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்து ஸப்ராவின் மகன் நேரே அம்மா வீட்டுக்குப் போனானாம். வெயில் ஏறும்வரை அவன் செருப்பு அந்த வாசலில் கிடந்ததாம்.

"கோணலா கெடந்துச்சு பிபி. அந்தம்மா நேரா எடுத்து வெக்கவே இல்ல. அப்படியே பாத்துட்டு நின்னாங்க."

ஸோமோயேவும் வந்தாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "அடுத்த பாட்டும் நீங்கதான் பிபி. ஆனா நஜ்மாவும் கூட உக்காரட்டுமே."

"உக்காரட்டும். பேசாம உக்காரட்டும்."

காபி கொடுத்தேன்.

மார்ச் 21, வியாழன்

நோன்பு. நாக்கு வறண்டாலும் வரி வருகிறது. இன்று ஒன்று போய்விட்டது. போகட்டும். இல்லை, போகட்டும் என்று சும்மா சொல்கிறேன். இரண்டு மணி நேரம் தேடினேன்.

ஏப்ரல் 8, திங்கள்

பெருநாள் நெருங்கிவிட்டது, வாசல் வரை பெண்கள் மருதாணிக்கு. நடுவில் நஜ்மா மூச்சு வாங்க ஓடி வந்தாள். வரிசையில் நிற்கவில்லை, செருப்பையும் கழற்றவில்லை. கையை நீட்டினாள்.

"பிபி, வழில ஒண்ணு வந்துச்சு. போன் செத்துப் போச்சு. பூ வேணாம், கொடி வேணாம். நான் சொல்றேன், அப்படியே எழுதுங்க, சீக்கிரம்."

சொன்னாள். அவள் உள்ளங்கையில் எழுதினேன், பொடியாக, ஒரு சொல்லும் மாற்றாமல்.

வரியில் உப்பு இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.